இதயத்துக்கு எம்.ஆர்.ஐ.: இரண்டு இடத்தில் எடுத்த பிறகு எழுதுகிறேன்

இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை கார்டியாக் எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறேன். முதல் தடவை 7,500 ரூபாய், இரண்டாவது தடவை 13,200. முதல் ரிப்போர்ட்டை வைத்து டாக்டரால் எதுவும் சொல்ல முடியவில்லை, இரண்டாவதை வைத்து என் வாழ்க்கையில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையே அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார். இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே மாதிரி 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள மெஷின்தான். இதயத் தசை தடித்திருக்கிறது என்று சொல்லி யாராவது உங்களை இந்த ஸ்கேனுக்கு அனுப்பினால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள். இரண்டு இடங்களின் பெயரையும் எழுதவில்லை. அங்கே இருக்கும் ஆட்கள் மாறினால் தரமும் மாறிவிடும், அதனால் பெயரைவிட என்ன கேட்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். வயது 38. எங்கள் ஊரில் ஹாக்கி எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து மட்டையும் கையுமாக ஓடியவன், இப்போதும் பிள்ளைகளோடு காலையில் ஒரு மணி நேரம் ஓடுவேன். நெஞ்சுவலி கிடையாது, மயக்கம் கிடையாது. டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்கலாம் என்று போனபோது அவர்கள் எடுத்த இ.சி.ஜி.யில்தான் சிக்கல் தெரிந்தது. மேலே நிமிர்ந்து நிற்க வேண்டிய டி அலைகள் நாலைந்து இடத்தில் ஆழமாகக் கவிழ்ந்து கிடந்தன. பாலிசி நின்றுவிட்டது, அது வேறு கதை. ஊரிலேயே எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுத்தேன். இடது கீழறையின் சுவர் 14 மில்லிமீட்டர் என்று வந்தது. பெரியவர்களுக்கு 12-க்குள் இருந்தால் சாதாரணம், 15-ஐத் தொட்டால் வேறு காரணம் இல்லாதபட்சத்தில் நோய் என்று வைக்கிறார்கள். நான் சரியாக நடுவில் மாட்டிக்கொண்டேன்.

ஊர் டாக்டர் தங்கமானவர். பி.பி. இருக்கிறதா என்று கேட்டார், இல்லை. "மாஸ்டர், நீங்க தினமும் ஓடுற ஆளு, விளையாட்டுக்காரங்களுக்கு இதயம் கொஞ்சம் தடிக்கும், அதுவா இருக்கலாம். ஆனா அதுவாத்தான் இருக்கும்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். ஏனென்றால் இந்த இடத்தில்தான் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். பயிற்சியால் தடிக்கும் இதயத்தில் சுவரோடு சேர்ந்து அறையும் பெரிதாகும், தசையில் நெகிழ்வு இருக்கும், சில மாதம் ஓட்டத்தை நிறுத்தினால் தடிப்பு குறையும். நோயால் தடிக்கும் இதயத்தில் சுவர் உள்பக்கம் பெருத்து அறை சுருங்கும், தசை விறைக்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது குறையாது. 13-லிருந்து 15 வரைக்குமான அளவில் எக்கோவை மட்டும் வைத்து இதையும் அதையும் பிரிப்பது கஷ்டம்.

விளையாட்டு ஆசிரியன் என்பதால் எனக்கு உடனே ஞாபகம் வந்தது மார்க் விவியன் ஃபோ. 2003 ஜூன் 26, பிரான்ஸில் லியோன் நகரம், கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதி, காமரூனுக்கும் கொலம்பியாவுக்கும் ஆட்டம். 72-வது நிமிடத்தில் நடு மைதானத்தில், பக்கத்தில் யாருமே இல்லாதபோது, சரிந்து விழுந்தார். வயது 28. பிரேதப் பரிசோதனையில்தான் அவருக்கு இந்தத் தடித்த இதய நோய் இருந்தது தெரிந்தது. அந்த வீடியோவை நான் கல்லூரியில் படித்தபோது பார்த்தது. அன்றைக்கு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் இதற்கு ஒரு பெயர் சொன்னார், நான் நோட்டில் எழுதவே இல்லை.

பெயர் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. எல்லோரும் ஹெச்.சி.எம். என்றுதான் சொல்கிறார்கள். 1958-ல் லண்டனில் டொனால்ட் டியர் என்ற பிரேதப் பரிசோதனை மருத்துவர், இளவயதில் இறந்த சிலருடைய இதயத்தின் நடுச்சுவர் ஒருபக்கமாகப் பெருத்திருந்ததைப் பார்த்து எழுதியதிலிருந்துதான் இதைப் பற்றிய நவீன மருத்துவம் ஆரம்பிக்கிறது. அபூர்வமான நோய் என்று நினைக்க வேண்டாம், 500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்று கணக்கு. எங்கள் பள்ளியில் 1,400 பிள்ளைகள் படிக்கிறார்கள், அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரும்பாலும் பரம்பரையாக வருவது, பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்கள் பெரியப்பா 41 வயதில் களத்துமேட்டில் மூட்டை தூக்கும்போது விழுந்து இறந்தார். மாரடைப்பு என்று சொல்லி எடுத்துவிட்டோம். பிரேதப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை.

சரி, எம்.ஆர்.ஐ. எதற்கு? எக்கோ என்பது ஒலி. விலா எலும்பும் நுரையீரல் காற்றும் குறுக்கே வந்தால் படம் தெளியாது, கருவியைப் பிடிக்கும் கோணம் கொஞ்சம் சாய்ந்தால் அளவு மாறும், இதயத்தின் கீழ் நுனி சரியாகச் சிக்காமல் போகும். எம்.ஆர்.ஐ.யில் எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம். வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்குகிற மாதிரி மேலிருந்து நுனி வரைக்கும் இதயத்தை வில்லைகளாக எடுக்கிறார்கள், ஒவ்வொரு வில்லையிலும் சுவர் ஒரு வளையமாகத் தெரியும், வளையத்தின் எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் என்று கோடு போட்டு அளக்கலாம். அதுவும் அசையாத படம் இல்லை, துடிக்கிற படம். இதோடு எக்கோவால் முடியவே முடியாத ஒன்றையும் இது செய்கிறது, தசைக்குள் தழும்பு விழுந்திருக்கிறதா என்று காட்டுகிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் இடம். பக்கத்து ஊரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். மூட்டு, முதுகெலும்பு, மூளை எல்லாம் தினமும் எடுக்கிற இடம், அதற்கெல்லாம் நல்ல இடம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். போனில் "ஹார்ட்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பீங்களா" என்று கேட்டேன், "எடுப்போம், வாங்க" என்றார்கள். வேறு எதுவும் நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. டாக்டர் சீட்டில் கான்ட்ராஸ்ட் (படத்தில் வித்தியாசம் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) என்று தெளிவாக எழுதியிருந்தது. போய்ப் படுத்த பிறகு "ஊசி இல்லாமலே பார்த்துக்கலாம் சார், தேவைப்பட்டா அப்புறம் போடலாம்" என்றார்கள். மூச்சை எப்போது பிடிக்க வேண்டும் என்று ஒரு தடவை சொன்னார்கள், ஒத்திகை எதுவும் இல்லை. நான் ஒரு தடவை மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தேன், ஒரு தடவை வெளியே விட்டுப் பிடித்தேன். அது தப்பு என்று எனக்குத் தெரியாது, அவர்களும் திருத்தவில்லை. இருபது நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் ஒரு பக்க ரிப்போர்ட். இடது கீழறைத் தசை லேசாகத் தடித்திருக்கிறது, நோயாளியின் மற்ற விவரங்களோடு சேர்த்துப் பார்க்கவும். அவ்வளவுதான். எந்தச் சுவர், எத்தனை மில்லிமீட்டர், தழும்பு உண்டா இல்லையா, ஒன்றுமே கிடையாது. இதை எக்கோவே ஏற்கனவே சொல்லியிருந்ததே!

அந்த ரிப்போர்ட்டையும் ஃபிலிமையும் எடுத்துக்கொண்டு மதுரையில் ஒரு இதய மருத்துவரிடம் போனேன். ஃபிலிமை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். படம் கலங்கியிருக்கிறது என்றார். துடிக்கிற பொருளைப் படம் எடுக்க, இ.சி.ஜி.யோடு மெஷினைக் கோத்து, ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே கட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தகவல் சேகரித்துத்தான் ஒரு படம் உருவாகிறதாம். மூச்சு மாறினால் இதயம் இருக்கும் இடம் மாறும், கோத்தது சரியில்லை என்றால் துடிப்பின் கட்டம் மாறும், இரண்டும் சேர்ந்தால் மழையில் நனைந்த கோலம் மாதிரி எல்லாம் கரைந்துவிடும். "தப்பா எடுத்த எம்.ஆர்.ஐ.யை வச்சு சரின்னு சொல்றதைவிட, எடுக்கலைன்னே வச்சுக்கறது நல்லது" என்றார். எனக்குக் கோபம் 7,500 ரூபாய்க்காக மட்டும் இல்லை. அந்த ரிப்போர்ட்டில் லேசாக என்று ஒரு வார்த்தை இருந்தது பாருங்கள், அதை நம்பி நான் ஒரு மாதம் பிள்ளைகளோடு வெயிலில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை நான் நாலு இடத்துக்குப் போன் போட்டேன். என்ன கேட்க வேண்டும் என்று டாக்டரே சொல்லி அனுப்பினார். வாரத்துக்கு எத்தனை இதய எம்.ஆர்.ஐ. எடுக்கிறீர்கள், படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதுபவர் இதயத்தில் தனிப் பயிற்சி உள்ளவரா, கான்ட்ராஸ்ட் கொடுத்துச் சில நிமிடம் கழித்துத் தாமதப் படங்கள் எடுப்பீர்களா, தழும்பைச் சதவீதமாகக் கணக்கிட்டுத் தருவீர்களா, ஓடும் படங்களோடு சி.டி. வட்டு தருவீர்களா. இரண்டு இடத்தில் போனை எடுத்தவர்களுக்குக் கேள்வியே புரியவில்லை. ஒரு இடத்தில் "மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும் சார்" என்றார்கள், உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நாலாவது இடத்தில் ரிசப்ஷனில் இருந்த பெண் "ஒரு நிமிஷம் இருங்க" என்று உள்ளே கொடுத்தார், டெக்னீஷியன் பேசினார். அவரே திருப்பிக் கேள்வி கேட்டார். சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லும் கிரியாட்டினின் ரத்த அளவு எவ்வளவு, எப்போது பார்த்தது, பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் பிளேட், ஸ்க்ரூ, கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் விழுந்ததா, லேத் பட்டறையில் வேலை பார்த்ததுண்டா, மூடின இடத்தில் பயம் வருமா, இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்குமா. கேள்வி கேட்கிற இடம்தான் நல்ல இடம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கிரியாட்டினின் ஏன் என்றால், ஊசியில் போடும் மருந்தில் கடோலினியம் என்ற உலோகம் இருக்கிறது, அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குச் சில வகை கடோலினிய மருந்துகளால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் ஒரு கொடிய பாதிப்பு வந்திருக்கிறது. அதனால் இந்த ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஊசி போட வரும் இடத்தில் நீங்களே நிறுத்திக் கேளுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள். மற்றபடி எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் மாதிரி கதிர்வீச்சு இதில் கிடையாது.

காலை ஒன்பது மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள், கோவில்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் நானும் வீட்டுக்காரம்மாவும் கிளம்பினோம். நாலு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. காபியும் வேண்டாம் என்றார்கள். உள்ளே போகும் முன் மோதிரம், பெல்ட், போன், ஏ.டி.எம். கார்டு எல்லாம் வெளியே. அரைஞாண் வெள்ளியில் போட்டிருந்தேன், அதையும் கழற்றச் சொன்னார்கள். என் கழுத்தில் அம்மா கட்டிய தாயத்து இருந்தது. அதை அறுக்கத் தயங்கினேன். அந்த டெக்னீஷியன் தம்பி பொறுமையாக, "அண்ணே, காந்தம் எப்பவும் ஆன்லதான் இருக்கும், ஸ்கேன் ஓடலைன்னாலும் இழுக்கும், தாயத்துக்குள்ள என்ன தகடு இருக்குன்னு நமக்குத் தெரியாதுல்ல, கழட்டி அக்காகிட்ட குடுங்க, முடிஞ்சதும் அவங்களே கட்டிவிடட்டும்" என்றார். இப்படிப் பேசினால் யார் மறுப்பார்கள்? 

மார்பில் முடியை வழித்து நாலு இ.சி.ஜி. ஸ்டிக்கர், மேலே பலகை மாதிரி, சிக்னல் வாங்கும் காயில் என்ற ஒரு கருவி, கையில் ஊசிக்கு வென்ஃப்ளான், காதில் ஹெட்போன், உள்ளங்கையில் அழுத்துகிற ஒரு ரப்பர் பந்து. பயமாக இருந்தால் அழுத்தலாம், உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். உள்ளே தள்ளுவதற்கு முன்னாலேயே வெளியில் வைத்து ஐந்து தடவை மூச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். "இழுங்க, விடுங்க, இழுங்க, விடுங்க, அப்படியே பிடிங்க." வெளியே விட்டுத்தான் பிடிக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் வயிறும் உதரவிதானமும் வேறு வேறு அளவில் இறங்கும், விட்டுப் பிடித்தால் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பி வரும் என்பதால். ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு வினாடி. ஓடிப் பழகிய எனக்கே இருபது தடவைக்கு மேல் போனபோது கஷ்டமாகத்தான் இருந்தது, வயதானவர்களும் மூச்சு வாங்குகிறவர்களும் வீட்டில் இரண்டு நாள் பழகிவிட்டுப் போவது நல்லது. மொத்தம் எத்தனை என்று எண்ணினேன், 38. நடுவில் ஒரு தடவை இருமல் வந்து கெட்டுப்போனது, "பரவாயில்லண்ணே, அதை மறுபடி எடுத்துக்கலாம்" என்று குரல் வந்தது. முதல் இடத்தில் இந்த ஒரு வரி கேட்கவே இல்லை.

சத்தம் இருக்கும். தகரக் கொட்டகையில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி, இடையிடையே டக்டக்கென்று. குழாய் குறுகல், முகத்துக்கு மேலே ஒரு சாண்தான் இடைவெளி. நான் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் மைதானத்தைச் சுற்றி ஓடுவதாக நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே மூடின இடத்தில் பயப்படுகிறவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், டாக்டர் லேசாக மருந்து கொடுக்க வழி உண்டு. ஆனால் மூச்சுப் பிடிக்கிற அளவுக்கு விழிப்பும் வேண்டும், அதனால் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

அரை மணிக்கு மேல் ஆன பிறகு ஊசி மருந்து ஏறியது, கையில் குளிர்ச்சியாக ஓடுவது தெரிந்தது. அப்புறம் பத்து நிமிடம் காத்திருந்துதான் முக்கியமான படங்களை எடுத்தார்கள். இதைப் பிறகு டாக்டர் எனக்கு விளக்கினார், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நல்ல தசையில் செல்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும், மருந்து உள்ளே தங்க இடம் இல்லை, வந்த வேகத்தில் கழுவிக்கொண்டு போய்விடும். தழும்பு விழுந்த இடத்தில் செல்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், மருந்து அங்கே தேங்கி நிற்கும். பத்து நிமிடம் கழித்துப் பார்க்கும்போது, நல்ல தசை கருப்பாகத் தெரியும்படி மெஷினைச் சரிசெய்து வைத்தால் தழும்பு மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். வயலில் தண்ணீர் பாய்ச்சி வடிந்த பிறகு பள்ளத்தில் மட்டும் நிற்குமே, அந்த மாதிரி. மாரடைப்பால் வரும் தழும்பு ஒரு ரத்தக்குழாய் பாயும் பகுதியில், உள்சுவரிலிருந்து ஆரம்பிக்கும். ஹெச்.சி.எம். தழும்பு அப்படி இல்லாமல் தசையின் நடுவில் திட்டுத்திட்டாக, அல்லது இரண்டு கீழறைகளும் சேரும் மூலைகளில் இருக்கும். இதையெல்லாம் முதல் இடத்தில் ஊசி போடாமல் விட்டதால் நான் இழந்திருக்கிறேன். ஊசி இல்லாத இதய எம்.ஆர்.ஐ. இந்த நோய்க்குப் பாதி வேலைகூட இல்லை.

தடித்த இதயம் என்றால் எல்லாமே ஹெச்.சி.எம். என்றும் கிடையாது. அமிலாய்டு என்ற புரதம் தசையில் படிந்தாலும் தடிக்கும், ஃபேப்ரி என்ற பரம்பரை நோயில் கொழுப்புப் பொருள் சேர்ந்தாலும் தடிக்கும், நாள்பட்ட பி.பி.யிலும் தடிக்கும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் முற்றிலும் வேறு. தழும்பு எந்த வடிவத்தில் விழுந்திருக்கிறது, டி1 மேப்பிங் என்ற அளவு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பதை வைத்து எம்.ஆர்.ஐ. இவற்றைப் பிரிக்க உதவுகிறது.

இப்போது குறைகள். ஒன்பது மணி என்று சொல்லிப் பதினொன்றேகாலுக்குத்தான் கூப்பிட்டார்கள், வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த என்னைவிடப் பக்கத்தில் இருந்த ஒரு சர்க்கரை நோயாளிப் பாட்டியைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது. அவசர கேஸ் வந்தால் தாமதமாகும், சரி, அதை வந்து ஒரு வார்த்தை சொல்லலாமே. உள்ளே ஏ.சி. நடுக்கும் குளிர், போர்வை கேட்ட பிறகுதான் கிடைத்தது. ஒரு மணி நேரம் ஆனபோது வெளியே வீட்டுக்காரம்மா பதறிப்போய் நின்றிருந்தார், இவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. டாக்டர் கேட்டது சி.டி. வட்டுதான், ஆனால் ஃபிலிமுக்கும் சேர்த்துப் பில் போட்டார்கள். ரிப்போர்ட் வர இரண்டு நாள், அதில் எனக்குக் குறை இல்லை. ஒவ்வொரு வில்லையிலும் சுவரை வரைந்து கணக்குப் போடுகிற வேலை அது, பத்து நிமிடத்தில் கொடுத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் நாலு பக்க ரிப்போர்ட்டில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. ரிப்போர்ட் கையில் வந்ததிலிருந்து டாக்டரைப் பார்க்கும் வரைக்கும் ஒரு ராத்திரி முழுக்க அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பயந்து உட்கார்ந்திருக்கிற குடும்பங்கள் எத்தனை இருக்கும்? கடைசியில் தமிழில் ஐந்து வரி எழுதினால் போதும்.

ரிப்போர்ட்டில் இருந்தது இதுதான். நடுச்சுவர் 13 மில்லிமீட்டர். கீழ் நுனியில் 18. எக்கோ அளந்தது நடுச்சுவரை, நோய் உட்கார்ந்திருந்தது நுனியில். டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டிக் காட்டினார். அறைக்குள் ரத்தம் வெள்ளையாக, இதயம் விரியும்போது சீட்டுக்கட்டு இஸ்பேட் வடிவம் அப்படியே தெரிந்தது. 1970-களில் ஜப்பானிய மருத்துவர்கள் முதலில் விவரித்த வகை இது, அவர்களும் இஸ்பேட் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள், கவிழ்ந்த டி அலைகளும் இந்த வகைக்கே உரிய அடையாளமாம். ஆக, என் இ.சி.ஜி. ஆரம்பத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கிறது. தழும்பு, நுனியில் சின்னதாக, தசையின் மொத்த எடையில் 6 சதவீதம். நுனி மெலிந்து பலூன் மாதிரி வீங்கவில்லை. ரத்தம் வெளியேறும் பாதையில் அடைப்பு இல்லை. பம்ப் செய்யும் திறன் 66 சதவீதம்.

அந்த 6 சதவீதத்துக்காகத்தான் 13,200 ரூபாய் என்று நினைக்கிறேன். 2014-ல் வெளியான ஒரு ஆய்வு, சுமார் 1,300 ஹெச்.சி.எம். நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. தசை எடையில் 15 சதவீதமோ அதற்கு மேலோ தழும்பு இருந்தவர்களுக்குத் திடீர் மரண அபாயம், தழும்பே இல்லாதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பம்ப் திறன் 50-க்குக் கீழே போவது, சுவர் 30 மில்லிமீட்டரை எட்டுவது, நுனி வீங்குவது, காரணம் தெரியாத மயக்கம், நெருங்கிய சொந்தத்தில் திடீர் மரணம், இவற்றோடு தழும்பின் அளவையும் சேர்த்துப் பார்த்துத்தான் தப்பான துடிப்பை மின் அதிர்ச்சி கொடுத்துத் திருத்தும் ஐ.சி.டி. கருவியை நெஞ்சில் வைப்பதா வேண்டாமா என்று பேசுகிறார்கள். இந்தப் பட்டியலில் பாதி விஷயத்தை எம்.ஆர்.ஐ.தான் துல்லியமாகச் சொல்ல முடியும். பெரியப்பாவைப் பற்றி டாக்டர் நிறைய நேரம் கேட்டார். பிரேதப் பரிசோதனை இல்லாததால் அதை நிச்சயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை. 48 மணி நேரம் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவி மாட்டிப் பார்த்தார், தப்பான துடிப்பு எதுவும் இல்லை. இப்போதைக்குக் கருவி வேண்டாம், வருஷா வருஷம் எக்கோவும் ஹோல்ட்டரும், மூன்று நாலு வருஷத்தில் தழும்பு கூடியிருக்கிறதா என்று இன்னொரு எம்.ஆர்.ஐ. என்று எழுதிக் கொடுத்தார். மிதமான ஓட்டம் கூடாது என்று சொல்லவில்லை, பேச முடிகிற வேகத்தில் ஓடச் சொன்னார். வெயிலில் பந்தயம் வைத்து ஓடுவதை விட்டுவிட்டேன். பள்ளியில் இதயத் துடிப்பு திடீரென நின்றுபோகும் நேரத்தில் மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி வாங்கத் தலைமையாசிரியரிடம் மனு கொடுத்திருக்கிறேன், அது எனக்காக மட்டும் இல்லை.

செலவு விஷயம். எங்கள் மெடிக்கல் இன்ஷூரன்ஸில் படுக்கையில் சேராமல் எடுத்த ஸ்கேனுக்குப் பணம் தரவில்லை, உங்கள் பாலிசியில் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். வசதி இல்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதயப் பிரிவிலேயே போய்க் கேளுங்கள், வெளியே எடுப்பதைவிட நிச்சயம் குறைவாக ஆகும். கேட்க வேண்டிய கேள்விகள் அங்கேயும் அதேதான்.

வீட்டில் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்று அக்கா கேட்டார். வேண்டாம். பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகளுக்கு முதலில் இ.சி.ஜி.யும் எக்கோவும் போதும், சந்தேகம் வந்தால் மட்டும் எம்.ஆர்.ஐ. இன்றைக்குச் சரியாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையும் திரும்பப் பார்க்க வேண்டும். வளரும் வயதில்தான் நிறைய பேருக்குத் தடிப்பு வெளிப்படும். மரபணுப் பரிசோதனைக்கும் ரத்தம் கொடுத்திருக்கிறேன். இதில் நம் பக்கத்து ஆட்களின் பங்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தையும் ஐதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் பங்கேற்று 2009-ல் வெளியிட்ட ஆய்வில், எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போன ஒரு மாற்றம் தெற்காசிய மக்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றம் இருந்தாலே நோய் வந்துவிடும் என்று பயப்படக் கூடாது, இருக்கிறவர்களில் நிறைய பேர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். என் முடிவு இன்னும் வரவில்லை. மகளுக்கும் மகனுக்கும் எக்கோ சரியாக இருக்கிறது. அப்பாவுக்கு நுனியில் சந்தேகம் என்று சொல்லி அவருக்கும் அதே இடத்தில் எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார்கள், 68 வயது, மூச்சுப் பிடிக்கிற பயிற்சியைத் திண்ணையில் உட்கார்ந்து தினமும் செய்துகொண்டிருக்கிறார்.

மதிப்பெண் கொடுப்பது என்றால் முதல் இடத்துக்கு ஐந்தில் 1, இரண்டாவதுக்கு 4. அந்த ஒரு மதிப்பெண் காத்திருக்க வைத்ததற்கும் தமிழில் எதுவும் தராததற்கும். அப்பாவுக்குப் புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு முதல் ஆளாக நேரம் வாங்கியிருக்கிறேன், முதல் நேரம் கேட்டால் கொடுக்கிறார்கள், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் போனிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். பழைய எக்கோ ரிப்போர்ட், இ.சி.ஜி. எல்லாவற்றையும் ஒரே கவரில் கொண்டுபோங்கள், ரிப்போர்ட் எழுதுபவர் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்.